வீடு கிடைச்சாச்சு... மனசு?

'அரிசி, துணி கொடுத்தாச்சு, பணமும் வந்தாச்சு. இன்னும் ஏன் பிரமை பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்காங்க?' வெள்ளத்திலும் புயலிலும் தப்பி வந்தவர்களைப் பார்த்து நம்மில் பலர் கேட்கிற கேள்வி இது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவாக இருக்கலாம். வீட்டை இழந்து உங்களிடம் வந்து தங்கியிருக்கும் சித்தப்பா குடும்பமாக இருக்கலாம்.

முதல் சில நாட்கள் அழக்கூட நேரமிருக்காது. சாப்பாட்டு வரிசை, காணாமல் போனவர்களைத் தேடும் அலைச்சல், கணக்கெடுப்பு என்று ஓடும். சுற்றிலும் ஆட்கள் வேறு. எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான், மூன்றாவது மாதமோ ஆறாவது மாதமோ, துக்கம் முழு பாரத்தோடு வந்து இறங்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகத்திலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். தப்பியவர்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தார்கள். தார் பூசிய ஷீட் போட்ட கொட்டகைகள். 2005 கோடையில் பகலில் உள்ளே உட்கார முடியாத அனல். மனசுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தூக்கமில்லாத, மறைவில்லாத இடத்தில் எந்த ஆறுதலும் ஏறாது. பழைய தெருக்காரர்களைப் பிரிக்காமல் அக்கம்பக்கமாகவே குடிவைப்பது பாதி வைத்தியம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்காரர்கள் அப்போது டாக்டர்களை மட்டும் நம்பாமல், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். தினமும் வந்து பக்கத்தில் உட்காரத் தெரிந்த முகம் வேண்டுமே!

நாம் செய்யும் பெரிய தப்பு, 'என்ன நடந்தது சொல்லு, அழுதுடு, லேசாயிடும்' என்று கிளறுவது. ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பதால் பின்னால் வரும் மனநோய் தடுக்கப்படுவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. அவர்களாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் காபியைக் கொடுத்துவிட்டு சும்மா கூட இருங்கள்.

இன்னொன்று. சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அதை மாற்றும் ஆபரேஷனுக்கு அரசே இலவசமாக ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'சீக்கிரம் இன்னொன்னு பெத்துக்கம்மா, எல்லாம் மறந்துடும்' என்று எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள். போன பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேச யாராவது கிடைக்க மாட்டார்களா என்றுதான் அவள் ஏங்குவாள். உடலே கிடைக்காத குடும்பங்களின் நிலைமை இன்னும் மோசம். காரியம் செய்வதா, காத்திருப்பதா? அந்த முடிவை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

முடிவு என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லாவற்றையும் நாமே பார்த்துப் பார்த்துச் செய்தால் அவர்கள் இன்னும் சோர்ந்துதான் போவார்கள். இன்றைக்கு என்ன சமைக்கலாம், பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்க்கலாம்... கேளுங்கள், அவர்கள் சொல்லட்டும். கடலைப் பார்க்கவே பயந்த மீனவருக்கு, தெம்பு வந்ததும் நாலு பேரோடு சேர்ந்து படகிறக்குவதே மருந்து. வேலையில்லாமல் கையில் நிவாரணப் பணம் மட்டும் இருந்தால், சிலருக்கு அது சாராயக் கடை வரைக்கும்தான் போகும்.

பிள்ளைகள் படுக்கையை நனைப்பார்கள், முந்தானையை விடமாட்டார்கள், 'அலை வருது, ஓடு' என்று விளையாடுவார்கள். திட்டாதீர்கள். பிள்ளைகள் விளையாடித்தான் பயத்தைக் கரைப்பார்கள். ஸ்கூலுக்கு மட்டும் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

பெரும்பாலோர் இப்படியே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், சாப்பிடாமை தொடர்ந்தால் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 'நானும் போயிருக்கலாம்' என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற இலவச அரசு எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிடாதீர்கள்.

அந்தத் தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்து வையுங்கள். வருஷா வருஷம் அது நெருங்கும்போது, தேறியவர்களுக்கும் தூக்கம் கெடும். அன்றைக்கு ஒரு எட்டு போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.