மார்க்குக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தேர்வு எதற்கு?

நம்பிக்கை: பள்ளியில் ஆங்கிலத்தில் 95 வாங்கிய பிள்ளைக்கு ஐஇஎல்டிஎஸ் தூசு.

உண்மை: பள்ளித் தேர்வு, நடத்திய பாடம் மனதில் நின்றதா என்று பார்க்கும் அடைவுத் தேர்வு. வெளிநாட்டுப் படிப்புக்கும் விசாவுக்கும் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ், ஆங்கிலத் திறன் தேர்வு. அதற்குப் பாடப்புத்தகமே கிடையாது. முன்பின் பார்த்திராத கட்டுரையைப் படிக்க வேண்டும். ஒரே ஒருமுறை ஒலிக்கும் உரையாடலைக் கேட்டு விடை எழுத வேண்டும். தேர்வாளரோடு 11 முதல் 14 நிமிடம் பேச வேண்டும். அங்கே திணறும் பிள்ளையிடம், "இத்தனை வருஷம் என்னத்தப் படிச்சே?" என்று பாய்வது அநியாயம். அதுவரை யாரும் அந்தப் பிள்ளையை இப்படிச் சோதித்ததே இல்லை.

நம்பிக்கை: ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5 எடுத்தால் பாஸ்.

உண்மை: அதில் பாஸ், ஃபெயில் இல்லை. 0 முதல் 9 வரை ஓர் அளவுகோல், அவ்வளவுதான். எவ்வளவு போதும் என்று முடிவு செய்வது பல்கலைக்கழகமும் விசா கொடுக்கும் அரசும். ஒருவர் கேட்டலில் 7, வாசிப்பில் 7, எழுத்தில் 5.5, பேச்சில் 6.5 எடுக்கிறார் என்று வையுங்கள். சராசரி 6.5. ஆனால் 'எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக் கூடாது' என்று கேட்கும் படிப்பில் அவருக்கு இடமில்லை. விளம்பரத்தட்டியில் சராசரியை மட்டும் பெரிதாகப் போடும் பயிற்சி மையங்கள் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். தேர்வுக் கட்டணம் சிறிய தொகையல்ல. சான்றும் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும்.

நம்பிக்கை: ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் சான்றிதழ் இருந்தால் ஜப்பானிய மொழி சரளமாகப் பேசுவார்.

உண்மை: என்5 முதல் என்1 வரை எந்த நிலையிலும் அந்தத் தேர்வில் பேச்சுப் பிரிவு இல்லை. கட்டுரை எழுதச் சொல்வதும் இல்லை. பேசுவாரா என்பதைப் பேசவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: மொழி வகுப்பில் சேரும்போது வைக்கும் தேர்வுக்கும் நன்றாகத் தயாராகிப் போக வேண்டும்.

உண்மை: வேண்டாம். எந்த நிலையில் உட்கார வைப்பது என்று பார்க்கத்தான் அது. மனப்பாடம் செய்து மேல் வகுப்பில் போய் உட்கார்ந்தால், கஷ்டம் உங்களுக்குத்தான்.

நம்பிக்கை: சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று வாங்கிய பையனுக்குத் தமிழ் வராது.

உண்மை: அது குறையைக் கண்டறியும் தேர்வு. அதில் மார்க்கைவிடப் பிழைகளே முக்கியம். ஏழு பிழையில் ஐந்து, 'பறவை', 'காற்று' போன்ற சொற்களில் றகரத்துக்குப் பதில் ரகரம் போட்டதால் வந்தவை என்றால், பையனுக்குத் தமிழ் வருகிறது. ஓர் எழுத்துதான் தகராறு செய்கிறது. நாளைக்கு என்ன நடத்த வேண்டும் என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. சொல்வதெழுதுதல் நோட்டில் மார்க் போடாமலே விடலாம் என்பது என் கருத்து. பிழையான சொற்களை வட்டமிட்டுக் கொடுத்தால் போதும். வீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களும் அந்த வட்டங்களைப் பார்ப்பார்கள்.