எதனால் வகுப்பது?

மாப்பிள்ளையூரணியிலிருந்து உப்பு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சைக்கிளில் கல்லூரி வரும் எனக்கு, விபத்துக் கணக்கு வெறும் பாடமன்று.

2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளால் உத்தரப்பிரதேசத்தில் 22,595 பேர் மாண்டனர்; தமிழ்நாட்டில் 17,884 பேர். நாம் மேல் என்று மகிழலாமா? மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தேன். லட்சம் பேருக்கு அங்கே ஏறத்தாழ 10, இங்கே 23!

விபத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தாலோ நிலை தலைகீழ். நூறு விபத்துகளுக்கு அங்கே 54 சாவு, இங்கே 28. ஆனால் சிறு விபத்துகள் பதிவாகாமல் விடுபட்டாலும் இவ்விகிதம் உயரும் என்பதை மறக்கலாகாது.

வகுக்கும் எண் மாறினால் விடையும் மாறும். சாலையில் செல்லும் நமக்கு உரிய கேள்வி, 'லட்சத்தில் எத்தனை பேர்?' என்பதே. நண்பர்களே, அந்த 23-ம் எண்ணல்ல, 23 வீடுகள்!