மலப் பரிசோதனைக்குத் தயாராவது எப்படி?

நண்பர்களே, தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள்! மலர்க் குழுவில் கொடுத்தபோதே "வேற தலைப்பே கிடைக்கலயாப்பா?" என்று சிரித்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் என் ஆயாவுக்குப் போன வருடம் ரத்தமும் சளியுமாகப் பேதி. மூன்று நாள் மருந்துக்கடை மாத்திரையிலேயே ஓடியது. பிறகு பார்த்த டாக்டர் "மலம் கல்ச்சர்" என்று எழுதிக் கொடுத்தார். "படிக்கிற புள்ள, நீ பாத்துக்கோ" என்று சீட்டு என் கைக்கு வந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று ஊறுகாய் பாட்டிலைப் பினாயில் விட்டுக் கழுவினேன். "அதைப் போயி எடுத்துக்கினு பஸ்ல எப்படிடா போவ?" என்று ஆயா கூச்சப்பட்டது. காலையில் எடுத்ததை, வகுப்பு முடிந்து சாயங்காலம்தான் ஒரு லேபில் கொடுத்தேன். "நோய்க்கிருமி வளரவில்லை" என்று ரிப்போர்ட் வந்தது. நோயே இல்லை என்று சந்தோஷப்பட்டோம். நாலாம் நாள் ஆயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே வார்டிலேயே எடுத்த மலத்தில் ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமி வளர்ந்தது.

கல்ச்சர் என்றால் உயிருள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஒரு கிராம் மலத்தில் சுமார் 10,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். பெரும்பாலானவை நம் குடலில் குடியிருக்கும் சாதுக்கள். அவற்றை அடக்கி, நோய்க்கிருமியை மட்டும் வளரவிடும் ஊடகத்தில் லேபில் தடவி வைக்கிறார்கள். வழியிலேயே கிருமி செத்துவிட்டால் என்ன வளரும்? உப்பளத்தில் போமே மானி வைத்துப் பார்ப்போம். 25 டிகிரி வந்தால்தான் உப்பு இறங்கும். மொண்ட பாத்திரத்தில் ஏற்கெனவே நல்ல தண்ணி கிடந்தால் மானி குறைத்துத்தான் காட்டும். அது மானியின் குற்றமா?

ஆகவே, ஆன்டிபயாடிக் மாத்திரை போடும் முன்பே மலத்தை எடுத்துவிட வேண்டும். போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். டப்பாவை லேபிலேயே வாங்குங்கள். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த சுத்தமான பாத்திரத்தில் மலம் கழிக்க வேண்டும். சிறுநீரோ கக்கூஸ் தண்ணீரோ கலக்கக் கூடாது. சளி, ரத்தம் உள்ள பகுதியாகப் பார்த்து நெல்லிக்காய் அளவு போதும்; தண்ணீராகப் போனால் இரண்டு மூன்று ஸ்பூன். டப்பாவை நிரப்ப வேண்டாம்! பெயர், தேதி, எடுத்த நேரம் எழுதி, இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். ஷிகெல்லா சீக்கிரம் சாகும். தூரம் என்றால் கேரி-பிளேர் ஊடகம் உள்ள குழாயைக் கேளுங்கள். கல்ச்சருக்கு வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

ஒரு டப்பா மலத்தில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1992 அக்டோபரில் சென்னையில் காலரா மாதிரியே பேதி பரவியது. நோயாளிகளின் மலத்தில் கிடைத்த கிருமியோ, அதுவரை கொள்ளைநோய்க்குக் காரணமாக இருந்த ஓ1 வகையைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பிடிபடவில்லை. அதுதான் பிறகு கல்கத்தா, வங்காளதேசம் வரை போன ஓ139 என்ற புது வகை. கிருமியை வளர்த்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. சரியாக வேகாத மீன், நண்டு, இறாலால் வரும் பேதிக்கு விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்ற கிருமி காரணமாகலாம். உப்பு இல்லாமல் அது வளராது! டி.சி.பி.எஸ். என்ற ஊடகத்தில் காலராக் கிருமி மஞ்சளாகவும் இது பச்சையாகவும் தெரியும். அதனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டால் நண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். உடம்பு நீர் வற்ற அதுவரை காத்திருக்காது. உடனே ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்? ஆனால் கல் உப்பை அப்படியே ஸ்பூனில் அளந்தால் கணக்கு சரியாக வராது, பொடித்துத்தான் அளக்கணும்.