வீடு மாறப்போகும் இளம் குடும்பங்களுக்கு

பெங்களூர் சிவாஜிநகரில் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். ஏப்ரல் பிறந்தால் டி.சி. கேட்டு வரும் அப்பா அம்மாக்களிடம் பேசிப் பழகியவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. "சார், வாடகை கட்டி முடியல, கம்பெனியில ஆள் குறைக்கிறாங்க, ஓசூர் பக்கம் போயிடலாமா?" என்று என்னிடம் படித்த பிள்ளைகளே இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்து கேட்கிறார்கள்.

போ, போகாதே என்று சொல்ல நான் யார்? இந்தப் பேட்டையே குடிபெயர்ந்தவர்களால் ஆனது. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்ததையொட்டி மதராஸ் படையோடும் அதன் பின்னாலும் வந்த தமிழர்கள் இங்கே வேர்விட்டார்கள். 1898இல் பிளேக் வந்தபோது இந்த நெருக்கமான சந்துகளிலிருந்து பலர் வெளியேற, பிரேசர் டவுன் போன்ற புதுப் பகுதிகள் பின்னால் எழுந்தன. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்துக்குப் பயந்து பல தமிழ்க் குடும்பங்கள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போயின. 2020 ஊரடங்கில் ஊருக்குப் போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. காலம் நிச்சயமில்லாமல் இருப்பது நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட காலத்தில் வீட்டை மாற்றும்போது உங்கள் சொந்த இலட்சியங்களைத் தொலைத்துவிடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. வீடு மாறுவதை இலட்சியமாக வைக்காதீர்கள். அது ஒரு வழி, அவ்வளவுதான். எதற்காக மாறுகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். கடன் அடைக்கவா, பிள்ளை படிக்கவா, அம்மாவின் மூட்டு வலிக்கு மாடிப்படி இல்லாத வீடு வேண்டுமென்றா? அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் புரோக்கருக்கு இன்னும் போன் செய்யாதீர்கள்.

2. வீட்டில் ஆளுக்கு ஓர் இலட்சியம் இருக்கட்டும். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் கணவரின் வேலையும் மூத்த பிள்ளையின் படிப்பும்தான் திட்டத்தில் இடம்பெறுகின்றன. மனைவி பாதியில் விட்ட பட்டப்படிப்பு, பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயாக வேண்டிய தேவை, சின்னவனின் கபடி எல்லாம் "செட்டில் ஆனதும் பாத்துக்கலாம்" என்ற சொல்லில் அடங்கிப்போகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். ஓசூர் போவது என்று முடிவானதும் அவர் முதலில் கட்டியது பாத்திரங்களை அல்ல. ஒரு நீளமான கணக்கு நோட்டில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தோள், கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து எல்லாம் எழுதி, பக்க ஓரத்தில் போன் நம்பரும் பழைய துணியில் ஒரு துண்டும் குண்டூசியால் குத்தி வைத்தார். "சனிக்கிழமை சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். வீடு போனது, தொழில் போகவில்லை. அவருடைய கணவருக்குப் புது ஊரில் வேலை கிடைக்கும் வரை அடுப்பெரிந்தது அந்த நோட்டால்தான். தங்கச்சிகளே, உங்களுடைய நோட்டு எது என்று இப்போதே யோசியுங்கள்.

3. இலட்சியத்தைத் தேதியோடும் முகவரியோடும் கட்டாதீர்கள், வாரத்தோடு கட்டுங்கள். "ஜூனுக்குள் சொந்த வீடு, டிசம்பருக்குள் பதவி உயர்வு" என்று எழுதினால் அந்த இரண்டும் உங்கள் கையில் இல்லை. வங்கி கையில் இருக்கிறது, முதலாளி கையில் இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஒரே இரவில் நின்றபோது அப்படி எழுதிய திட்டங்கள்தான் முதலில் நொறுங்கின. "வாரத்தில் மூன்று மாலை கணக்கியல் படிப்பேன்", "வாரம் ஐநூறு ரூபாய் தனியாகப் போடுவேன்" என்பவை எந்த ஊரிலும் நடக்கும், சாமான் மூட்டைகளுக்கு நடுவிலும் நடக்கும். வீடு மாறும் மாதத்தில் மூன்று மாலை ஒன்றாகக் குறையலாம். பூஜ்யம் ஆகக் கூடாது.

4. பிள்ளையின் மொழியை முன்கூட்டியே பாருங்கள். வாத்தியார் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். கர்நாடகப் பள்ளிகளில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருக்கும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூர் போக இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான், ஆனால் பிள்ளைக்குப் பாடமே மாறிப்போகிறது. நம் பிள்ளைகள் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள். அதனால் பெற்றோர் கவலைப்படுவதில்லை. பேசுவது வேறு, ஏழாம் வகுப்புச் செய்யுளை எழுத்துக்கூட்டாமல் படிப்பது வேறு. எட்டு வயதில் மாறிய பிள்ளை ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் மாறிய பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும், பொதுத்தேர்வை நினைத்து இரவில் அழும். அப்படி அழுத பிள்ளைகளை நான் அறிவேன். ஒன்பது, பத்தில் இருக்கும் பிள்ளையை முடிந்தவரை நகர்த்தாதீர்கள். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வருடம் முன்பே தினம் அரை மணி நேரம் தமிழ்ப் பாடநூலை உரக்கப் படிக்க வையுங்கள். ஓசூரில் கன்னடவழி, தெலுங்குவழி அரசுப் பள்ளிகளும் உண்டு, அவற்றையும் போய் விசாரியுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. உங்கள் மகளுக்கு அந்தக் கனவு இருந்தால் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் தீர்மானியுங்கள். டி.சி. வாங்கும்போது கர்நாடகத்தின் எஸ்.ஏ.டி.எஸ். என்னும் மாணவர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளையை, டி.சி. வரத் தாமதமாகிறது என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்க மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம்.

5. சாதிச் சான்றிதழ் ஒரு மாநிலத்தோடு நிற்கும். பட்டியல் சாதியினர் ஒரு மாநிலத்தில் பெறும் இட ஒதுக்கீட்டை இன்னொரு மாநிலத்தில் கேட்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு மாநிலப் பட்டியலிலும் சாதியின் பெயர் இருந்தாலும் இதுதான் நிலை. 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தபோது உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். தாத்தாவின் பள்ளிச் சான்று, பழைய வரி ரசீது எதுவானாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். படிப்பு, அரசு வேலை என்று இலட்சியம் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது வாடகையைவிடப் பெரிய கணக்கு.

6. பணத்தைப் பற்றி. வாடகை மிச்சம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். 2023இல் கர்நாடகத்தில் தொடங்கிய கிருகலட்சுமித் திட்டத்தின் மாதம் 2,000 ரூபாயும், சக்தித் திட்டத்தின் இலவசப் பேருந்தும், 200 யூனிட் வரையிலான மின்சாரச் சலுகையும் நீங்கள் எல்லை தாண்டினால் உங்களோடு வராது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், அதற்கும் அங்கே குடும்ப அட்டை வேண்டும், தகுதி வேண்டும். கே.ஏ. நம்பர் வண்டியை ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். இங்கேயே வேலையை வைத்துக்கொண்டு தினம் போய்வருவதானால் பஸ் செலவோடு, வழியில் போகும் மணி நேரத்தையும் எழுதுங்கள். நீங்கள் படிக்க நினைத்த மூன்று மாலைகள் அங்கேதான் கரையும்.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம் என்று எண்ணிப் புது வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓனர் பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார், மீதியையும் அடுத்த குடித்தனம் வந்த பிறகு தருவார். மாத வாடகைக்குப் பதிலாக மொத்தப் பணம் கொடுத்து லீஸுக்குப் போகிறவர்கள் அந்த வீட்டின் மீது வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வாழ்நாள் சேமிப்பு அதில்தான் போகிறது.

7. புது இடத்தை இரவிலும் கோடையிலும் பாருங்கள். 2024 மார்ச்சில் பெங்களூரின் போர்வெல்கள் வற்றியபோது, காவிரிக் குழாய் எட்டாத புறநகர்களில் லட்சக்கணக்கில் கொடுத்து வீடு வாங்கியவர்கள் டேங்கருக்குக் காத்து நின்றார்கள்.

8. போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். ஆனால் அதையும் முடிவாக எடுங்கள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று வருடக்கணக்கில் இழுத்தால் பிள்ளை இங்கேயும் ஒன்றாது, மனைவி எந்த வகுப்பிலும் சேர மாட்டார், நீங்களும் எதையும் தொடங்க மாட்டீர்கள். ஒரு தேதி வையுங்கள். அதுவரை விசாரியுங்கள். அந்த நாளில் போவது என்றோ இருப்பது என்றோ சொல்லிவிட்டு, அடுத்த ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். இருப்பது என்று முடிவானால் பிள்ளையின் கன்னடத்துக்கு நல்ல டியூஷன் வையுங்கள், நீங்களும் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இது நம் ஊர், நம் பிள்ளைகள் வாழப்போகும் ஊர்.

9. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8, ஆதாரில் முகவரி, கேஸ், வங்கி. இவற்றைப் போன பிறகு முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

10. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பத்து வயதுப் பிள்ளையும் இருக்கட்டும், எழுபது வயது அம்மாவும் இருக்கட்டும். யாரையும் யாருக்காகவும் "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்ல விடாதீர்கள். அப்படிச் சொல்கிறவரிடம் இரண்டாவது முறை கேளுங்கள். முக்கியமாக உங்கள் மனைவியிடம் கேளுங்கள் தம்பி. வீடு மாறும் பாரத்தில் பாதிக்கு மேல் அவர் தலையில்தான் இறங்குகிறது. பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன, டி.சி. வேலை ஏப்ரலில். இந்தப் பேச்சைப் பொங்கல் விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள்.