பட்டியலில் வாழும் பெயர்

வேந்தர்களின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் உரைக்கின்றன. ஏர் பிடித்து உழுதவரும் தறியில் அமர்ந்து நெய்தவரும் வாழ்ந்த செய்தியை எங்கே காண்பது? பழைய வாக்காளர் பட்டியல் அதற்கு ஒரு வாயிலாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைக் கொண்டே வாக்குரிமை பெரும்பாலும் வழங்கப்பட்டது. ஆகவே அக்காலப் பட்டியல்களில் ஏழை எளியோரின் பெயர்களைக் காண்டல் அரிது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ, 21 வயது நிரம்பிய ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் அவ்வுரிமையை அளித்தது. 1951-52-இல் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலுக்கென 17 கோடிக்கு மேற்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றனர். நிலக்கிழாருக்கும் ஒரு வரி. அவர் நிலத்தில் உழைத்தவருக்கும் ஒரு வரி!

இப்பட்டியல்கள் வீட்டு வரிசைப்படி அமைந்தவை. ஆதலின் முன்னோரைத் தேடுவோர் முதலில் அவர்தம் ஊரையும் தெருவையும் அறிதல் வேண்டும். பெயரை அடுத்துத் தந்தை அல்லது கணவர் பெயரும் வயதும் காணப்படும். 1952-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒருவருக்கு 40 வயது என்றிருப்பின், அவர் 1912-ஐ ஒட்டிப் பிறந்தவராவார். எனினும், அந்நாளில் பலர் நினைவிலிருந்தே வயதைக் கூறினர். ஆகவே அதனை உறுதியெனக் கொள்ளலாகாது. பின்வந்த பட்டியலில் ஒரு பெயர் இல்லையெனில், அவர் இறந்தார் என உடனே முடிவு செய்தலும் தவறு, வேற்றூருக்குக் குடிபெயர்ந்திருக்கலாம். பள்ளிச் சான்றோடும் நிலப் பத்திரத்தோடும் ஒப்பிட்டே உண்மை காணல் வேண்டும்.

இனி, பட்டியலில் இல்லாதவரையும் எண்ணிப் பார்ப்போம். முதற் பட்டியலைத் தொகுத்தபோது, வடநாட்டுப் பெண்டிர் பலர் அயலாரிடம் தம் பெயரைக் கூற நாணினர். “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் தாய்” என்றே பதிந்தனர். சொந்தப் பெயரின்றி எவரையும் சேர்த்தல் ஆகாது என்பது முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் முடிவு. அதனால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்டிர் நீக்கப்பட்டனர். அவர்கள் அன்று வாக்கினை இழந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ அவர்களைத் தேடிக் காணும் ஒரு வழியை இழந்தனர்.

மாணவர்களே! உங்கள் பாட்டியைப் பெற்றெடுத்த அன்னையின் பெயர் யாது? அறியீராயின், இன்றே வீட்டிலுள்ள முதியோரை வினவி எழுதி வையுங்கள். எழுதப்பட்ட பெயரே தலைமுறை கடந்து வாழும்.