காய்ச்சல் மாதத்துக் கணக்கு

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அந்த எண்களை போனில் போட்டதில் ‘ஆப்ரி’ 5 வந்ததாம்; 2-ஐத் தாண்டினாலே சிரோசிஸ், அதாவது ஈரலில் முற்றிய தழும்பு, என்று எங்கோ படித்தாயாம். கணக்கில் தப்பில்லை. ரத்தம் எடுத்த நாள்தான் தப்பு. அன்று நீ டெங்குவில் படுத்திருந்தாய்.

ஆப்ரி, ஈரல் தழும்பைக் கணிக்க 2003-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சூத்திரம். ஏ.எஸ்.டி.யை, அதாவது நம் ரிப்போர்ட்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி.யை, லேபின் உச்ச வரம்பால் வகுத்து, வந்ததை ஆயிரக் கணக்கிலுள்ள பிளேட்லெட்டால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். உனக்கு ஏ.எஸ்.டி. 160, வரம்பு 40, பிளேட்லெட் 80,000. ஐந்து வரத்தான் செய்யும்.

பிளேட்லெட்டுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ஈரலில் தழும்பு ஏற ஏற, குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழையத் திணறுகிறது. பின்னால் அழுத்தம் கூடி மண்ணீரல் வீங்குகிறது; வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் திராம்போபாய்டினைச் சுரப்பதும் பெரும்பாலும் ஈரல்தான். ஆக, இந்தச் சூத்திரம் தழும்பை நேரே பார்ப்பதில்லை; அதன் விளைவுகளைப் பார்க்கிறது. டெங்குவும் ஏ.எஸ்.டி.யை ஏற்றும், பிளேட்லெட்டை இறக்கும். எது யாருடைய வேலை என்று சூத்திரத்துக்குத் தெரியாது.

அதற்காக, நன்றாகத் தேறியபின் எடுக்கும் எண்ணைக் கண்டு துள்ளவும் வேண்டாம். அப்போது ஏ.எஸ்.டி. 36, ஏ.எல்.டி. (எஸ்.ஜி.பி.டி.) 49, பிளேட்லெட் 2,40,000 என்று வைத்துக்கொள். ஆப்ரி 0.38. ‘ஃபிப்-4’ என்று 2006-இல் வந்த இன்னொரு சூத்திரம் வயதையும் பெருக்குகிறது. 26 வயது உனக்கு 0.56 காட்டும். அதே ரத்தம் 60 வயதுக்காரர் உடம்பில் ஓடினால் 1.29. முப்பத்தைந்து வயதுக்குக் கீழே அதை நம்பி உட்கார முடியாது.

வரம்புகளும் கல்வெட்டல்ல. உனக்கிருக்கும் ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் என்று கருத, 2015-இல் ஆப்ரி 2-ஐத் தாண்ட வேண்டும் என்றது உலக சுகாதார நிறுவனம். 2024-இல் அதை 1 ஆக்கிவிட்டது. சிகிச்சை வேண்டியவர்கள் விடுபட்டுப் போகக் கூடாது என்ற கவலைதான். 0.5-ஐத் தாண்டினாலே கவனிக்கத்தக்க தழும்பு என்கிறது புதிய வழிகாட்டுதல்.

“பேசாமல் பயாப்சி செய்துவிடலாமா மாமா?” என்கிறாய். ஊசி எடுக்கும் துணுக்கு ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அடுத்த இடத்தில் குத்தியிருந்தால் வேறு நிலை தெரிந்திருக்கலாம். ஒரே கண்ணாடித் தகட்டை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பதும் உண்டு. லேபிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன். மருத்துவருக்கு வேறு சந்தேகம் இருந்தாலொழிய இப்போது அது வேண்டாம்.

காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் போகட்டும். அதே லேபில் மறுபடி ரத்தம் கொடு. வைரஸ் டி.என்.ஏ. அளவையும் பார்க்கச் சொல். ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போ; ஏ.எல்.டி. உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் அதுவும் கூட்டித்தான் காட்டும். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேதியோடு, அன்று காய்ச்சல் இருந்ததா என்ற குறிப்போடு, ஒரே ஃபைலில் வை. மருத்துவர் பார்ப்பது ஒற்றை எண்ணை அல்ல, எண்கள் போகும் திசையை.

தங்கையையும் ஹெபடைடிஸ் பி பரிசோதனைக்கு அழைத்துப் போ. தொற்றும் எதிர்ப்பும் இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடலாம். அம்மாவுக்கும் பார்க்க வேண்டும். இந்தத் தொற்று உனக்குப் பிரசவத்தில் தாயிடமிருந்து வந்திருக்கவும் கூடும் என்பதை நீயாக அவளிடம் சொல்லாதே. அக்காவிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா