பேசப்படாத நலிவு: மகளிர் இடுப்புத்தள நலமும் இயன்முறை மருத்துவமும்

1989ஆம் ஆண்டு, 'லான்செட்' மருத்துவ இதழில் மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தைப் பற்றிய ஆய்வொன்று வெளியாயிற்று. டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் தம்பதியரும் அவர்தம் குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்திருந்தனர். அவர்களுள் 92 சதவீதத்தினருக்கு மகளிர் நோய் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. ஆனால், அதற்கு முன் இத்தகைய பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் 8 சதவீதத்தினரே. பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இந்த இரண்டாவது எண்ணே அதிகக் கவலை தருவது. வாய்விட்டுக் கேட்கப்படாத தேவை எந்தத் திட்டக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

இத்தகைய தேவைகளுள் ஒன்று இடுப்புத்தள நலம். இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் போல் விரிந்துள்ள தசைகள் கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. தாம்பத்திய உறவிலும் இவற்றுக்குப் பங்குண்டு. பிரசவத்தில் இவை நைந்து தளர்ந்தால் இருமும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கசியும். கருப்பை கீழிறங்கவும் கூடும்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகெல், இத்தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948இல் முறைப்படுத்தி வெளியிட்டார். (அலிப்பூர் பெல்வெடர் வளாகத்திலுள்ள நூலகம் தேசிய நூலகம் எனச் சட்டப்படி பெயர் பெற்றதும் அதே ஆண்டில்தான்.) இப்பயிற்சி தாம்பத்திய உறவிலும் பயன் தருவதை 1952இல் அவர் எழுதினார். நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையேனும், குறைந்தது மூன்று திங்கள், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் இன்றைய வழிகாட்டுதல். கருவி எதுவும் தேவையில்லை.

எனினும் எல்லாப் பெண்களுக்கும் இதே பயிற்சி பொருந்தும் எனக் கருதுவது பெரும் பிழை. சிலருக்குத் தசைகள் தளர்வதில்லை, மாறாக இறுகிவிடுகின்றன. உறவு தாங்கொணா வலியாகிறது. சிலருக்கு இயலாமலே போகிறது. இதனைப் பெண்ணின் பிடிவாதம் என்று குடும்பத்தினர் பழிப்பதும், மணமுறிவு வரை செல்வதும் உண்டு. இவர்கள் தசையை மேலும் சுருக்கிப் பழகினால் வலி மிகும். ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி, கையால் தசையை நெகிழ்த்தும் சிகிச்சை, படிப்படியாக அளவு கூடும் விரிப்பான்கள், அச்சம் நீங்க ஆலோசனை ஆகியவையே இவர்களுக்கு உரியவை. எது தளர்ச்சி, எது இறுக்கம் என்பதைப் பரிசோதித்தே அறிய முடியும். ஆகவே துண்டறிக்கை மட்டும் போதாது. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர், அதிலும் பெண் மருத்துவர் தேவை.

தமிழகத்தின் செங்கற்பட்டு வட்டாரத்தில் பணியாற்றும் கிராமப்புற மகளிர் சமூகக் கல்வி மையத்தினர், கருப்பை இறக்கத்துக்கு ஆளான பெண்களின் அனுபவங்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். பிரசவித்த சிறிது காலத்திலேயே கடும் உழைப்புக்குத் திரும்ப நேர்ந்ததை அப்பெண்கள் எடுத்துரைத்தனர். பலர் ஆண்டுக்கணக்கில் நோயைச் சுமந்துகொண்டே உழைத்திருந்தனர். அலிப்பூரில் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களில் செங்கல் சுமக்கும் பெண்களைக் காணும்போதெல்லாம் அந்த ஆய்வு இக்கட்டுரையாளரின் நினைவுக்கு வருகிறது. ஓய்வெடுத்தால் அன்றைய கூலி இல்லை. முற்றிய இறக்கத்தைப் பயிற்சியால் மட்டும் சரிசெய்ய இயலாது; தாங்கு வளையமோ அறுவைச் சிகிச்சையோ வேண்டியிருக்கும். அதன் செலவும் இழக்கும் கூலியும் தொடக்கநிலைப் பயிற்சியின் செலவைப் போல் பன்மடங்காகும்.

பிரான்சில் பிரசவித்த பெண்களுக்கு இப்பயிற்சியின் செலவைச் சமூகக் காப்பீடே ஏற்கிறது. நம் நாட்டில் இயன்முறை மருத்துவத்தை ஒழுங்குபடுத்த 2021இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் மாவட்ட மருத்துவமனைக்குக் கீழே இச்சேவை அரிது. புதிய அமைப்பொன்றை எழுப்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் பிரசவித்த தாயின் இல்லத்துக்கு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ், ஆஷா பணியாளர் 42 நாட்களுக்குள் ஆறு முறை செல்கிறார். குழந்தையின் எடையைக் குறிக்கிறார். இறுதி வருகையில் தாயிடம் இரண்டு வினாக்களைக் கேட்கலாம்: இருமினால் சிறுநீர் கசிகிறதா? அடி இறங்குவது போல் தோன்றுகிறதா? உறவில் வலி உண்டா என்பதைச் சில திங்கள் கழித்து, தனிமையில், செவிலியர் கேட்பதே முறை. ஆம் என்போரை எங்கே அனுப்புவது என்பதையும் அப்பணியாளரின் கையேட்டிலேயே அச்சிட்டுவிட வேண்டும்.